மாடியில் ஒரு டிவி, கீழே ஒரு நிக்காஹ்

எந்த வயர் நல்ல வயர் என்று என்னிடம் கேட்காதீர்கள். கடையை மருமகனிடம் விட்டுவிட்டு ஓய்வாக உட்கார்ந்த பிறகும் டிவி வாடகைத் தொழிலுக்கு வந்திருக்கிற உங்களில் யாராவது ஒருவர் போன் செய்து இதையேதான் கேட்கிறார். "அண்ணே, ஹெச்டிஎம்ஐ போடட்டுமா, வயர்லெஸ் போடட்டுமா? ஃபுல் ஹெச்டி போதுமா, 4கே குடுத்துரலாமா?" பெண் யார் என்றே தெரியாமல் அவளுக்கு ரவிக்கை அளவு கேட்கிற கதை இது. யார் பார்க்கப் போகிறார்கள், எதைப் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியாமல் நான் என்னத்தைச் சொல்வது?

திருப்போரூரில் கடை வைத்து வாடகைக்கு டிவி விட்டவன் நான். மதுராந்தகம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை விடுதிகள் வரை என் டிவி போகாத இடம் குறைவு. இத்தனை வருடத்தில் நான் கண்டது ஒன்றுதான். படம் தெளிவாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். திருவிடந்தையில் மீனவர் தெரு இளைஞர்கள் ஒரு கிரிக்கெட் இறுதி ஆட்டத்துக்குப் பெரிய டிவி கேட்டார்கள். இணையத்தில் வந்த படத்தை அருமையாகப் போட்டுக் கொடுத்தோம். பக்கத்துத் தெருவில் பழைய டப்பா டிவி ஒன்றில் சாதாரண கேபிள் இணைப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் முதலில் பக்கத்துத் தெரு கத்தும். அதன் பிறகுதான் எங்கள் டிவியில் பந்துவீச்சாளர் ஓடியே வருவார். இணையப் படம் அவ்வளவு பின்தங்கி வந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் கூட்டம் மொத்தமும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. அவ்வளவு பெரிய டிவிக்கு முன்னால் நானும் இரண்டு நாய்களும் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இப்போது சொல்லப் போவது அப்படியில்லை.

இப்ராஹிம் பாய் செங்கல்பட்டில் பீரோ, கட்டில் விற்கிற கடை வைத்திருப்பவர். மகள் நிலோபருக்கு நிக்காஹ். திருப்போரூரிலிருந்து கடற்கரைச் சாலைக்குப் போகிற வழியில் ஒரு மண்டபம் பிடித்திருந்தார். மகளையும் அழைத்துக்கொண்டு டிவி சொல்ல என் கடைக்கு வந்தார்.

உங்களில் சிலர் இன்னும் முஸ்லிம் கல்யாணத்துக்கு வேலை செய்திருக்க மாட்டீர்கள். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் மாப்பிள்ளையும் ஆண்களும் ஒரு கூடத்தில் இருப்பார்கள். மணப்பெண்ணும் பெண்களும் இன்னொரு கூடத்தில், அநேகமாக மாடியில் இருப்பார்கள். பெண்ணிடம் சம்மதம் முன்கூட்டியே கேட்டு வந்துவிடுவார்கள். பிறகு ஆண்கள் பக்கத்தில் ஹஜரத், அதாவது அவர்கள் மதகுரு, நிக்காஹ் ஓதி, பெண்ணின் தகப்பனார் கொடுத்தேன் என்று சொல்ல, மாப்பிள்ளை ஒப்புக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். ஆக, கல்யாணப் பெண் தன் கல்யாணத்தை டிவியில்தான் பார்ப்பாள். சத்தம் ஸ்பீக்கர் வழியாக மாடிக்கும் வந்துவிடும் என்பதால் டிவி படம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

பாய் பேசிக்கொண்டிருந்தபோது நிலோபர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் சாப்பிட்ட இட்லிப் பொடி மீசையில் ஒட்டியிருக்கிறதோ என்று நான் துடைத்துக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"மீசைய கொஞ்சம் கொறைச்சீங்கன்னா நல்லா புரியும் அங்கிள்" என்றாள். குரல் கொஞ்சம் தடித்து, தேவைக்கு மேல் சத்தமாக வந்தது.

பாய்தான் விளக்கினார். சிறு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது முழுவதும் போய்விட்டது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் கட்டட வரைபடம் போடுகிற வேலை பார்க்கிறாள்.

"எங்க அக்கா நிக்காஹ்ல நானும் மாடிலதான் இருந்தேன்" என்றாள் நிலோபர். "திடீர்னு எல்லாரும் அழுதாங்க, கட்டிப்புடிச்சிகினாங்க. முடிஞ்சிபோச்சுன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. என்னோடதுக்கும் நான் கடைசியா தெரிஞ்சிக்க வேணாம் அங்கிள். அத்தா குடுக்கறதையும், அவரு ஒத்துக்கறதையும் நானே பாக்கணும்."

"அதுக்குத்தாண்ணே, கடைலயே பெரிய டிவியா குடுங்க" என்றார் பாய். "4கே போடுங்க. ஒண்ணும் கொறைக்காதீங்க."

தன் கல்யாணம் எப்போது நடந்தது என்று மற்றவர்களின் அழுகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமையில் ஒரு பெண் இருக்கக்கூடாது என்று மனசில் பட்டது. பார்த்துக்கொள்கிறேன் பாய் என்று சொல்லி அனுப்பினேன்.

நிக்காஹுக்கு முந்தின நாள் மதியம் மண்டபத்துக்குப் போனோம். கல்யாண வீடியோவுக்கு வினோத் என்கிற இளைஞனைப் பிடித்திருந்தார்கள். நல்ல பையன், எள் என்றால் எண்ணெயாக நிற்பவன். 4கே கேமராவைக் கீழ்க்கூடத்தில் நிறுத்தி, வயர்லெஸ் பெட்டியைப் பொருத்தி, நான் மாடிக்குப் போவதற்குள் பெரிய டிவியில் படத்தை வரவழைத்துவிட்டான். குறை சொல்ல முடியாத படம். கீழே நின்ற இப்ராஹிம் பாயின் தாடியில் வெள்ளை முடி எது, கறுப்பு முடி எது என்று பிரித்துச் சொல்லலாம். மாடியில் பெண்கள் கூட்டம் இன்னும் வராததால் நானும் நிலோபரும் அவளுடைய பெரியம்மாவும் டிவி முன்னால் நின்றோம். கீழே பாய் மைக் இல்லாமல் ஏதோ பேசினார்.

நிலோபர் கொஞ்ச நேரம் பார்த்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"இன்னா பாப்பா, தெரியலயா?"

"எல்லாம் தெரியுது. ஆனா அத்தா வாய மூடவே மாட்டேங்கறாரு."

எனக்கு விளங்கவில்லை. உங்க அத்தா வாயை மூடாதவர்தான், அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று பெரியம்மா பக்கம் திரும்பிக் கேலி செய்தேன். நிலோபர் என் தோளைத் தட்டித் தன் பக்கம் திருப்பினாள். என் முகம் திரும்பியிருந்தால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"அம்மான்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "உதடு ஒட்டி ஒட்டிப் பிரியுதில்ல? அதை வெச்சிதான் நான் வார்த்தையப் புடிப்பேன். அம்மாவும் அப்பாவும் எனக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். முன்ன பின்ன வர்ற வார்த்தைய சேத்து எதுன்னு புரிஞ்சிக்குவேன். ஆனா இந்த டிவில உதடு ஒட்டவே மாட்டேங்குது. தொறந்த வாயி தொறந்த வாயா போய்கினே கீது."

பாயை அதே இடத்தில் நின்று "அம்மா, மாமா, அப்பா" என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிவிட்டு, நான் டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. உதடு ஒட்டுவது கண் சிமிட்டுகிற நேரம்தான். வினோத் 4கே தரத்துக்காக விநாடிக்கு இருபத்தைந்து படம் என்று வைத்திருந்தான். அந்தப் படங்களிலும் பல, கான்கிரீட் தளத்தைத் தாண்டி வயர்லெஸ்ஸில் வருகிற வழியில் விழுந்துவிட்டன. உதடு ஒட்டிய படம் விழுந்துவிட்டால் வாய் திறந்த படமும் அடுத்த வாய் திறந்த படமும்தான் மிச்சம். போதாததற்கு, டிவிக்குள் அசைவை வழவழப்பாக்குகிற வசதி ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரியும். நடுவில் இல்லாத படத்தை அது தானாகவே இட்டுக்கட்டி நிரப்பும். கிரிக்கெட்டுக்கு அழகாக இருக்கும். பாயின் வாய் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு, அவர் சொல்லாத ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. காது கேட்கிற நமக்குச் சத்தம் வந்து அந்த ஓட்டையை அடைத்துவிடும். இத்தனை வருடம் இந்த ஓட்டை என் கண்ணில் படாததற்கு அதுதான் காரணம்.

கீழே போய் வினோத்திடம் சொன்னேன். "4கே வேணாம்பா. வயர்லெஸ்ஸும் வேணாம்."

"அண்ணாத்த, பேஜாரு பண்ணாதீங்க. 4கேன்னு பேசித்தான் ஆர்டரே எடுத்துகீறேன். அதுவுமில்லாம மண்டபம் பூரா பூ அலங்காரம். நடுவுல வயர் இழுத்தா கொழந்திங்க தடுக்கி வுழும்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இப்ராஹிம் பாய் முகம் வாடிப்போனதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "கொறைக்காதீங்கன்னு சொன்னேனேண்ணே. பொண்ணு கல்யாணத்துல போய் கம்மி படம் போடலாமா?" என்றார். நாம் எல்லோரும் சேர்ந்துதான் வாடிக்கையாளர்களுக்கு இப்படிப் பாடம் நடத்தி வைத்திருக்கிறோம். பெரிய எண் என்றால் உயர்ந்தது, சின்ன எண் என்றால் மட்டம். இப்போது நானே போய் அந்தத் தகப்பனிடம் சின்ன எண்தான் உங்கள் மகளுக்கு நல்லது என்று சொன்னால் ஏமாற்றுகிறேன் என்றுதானே நினைப்பார்?

நான் வாதாடவில்லை. வாதாடி ஜெயித்த படத்தை எந்த வாடிக்கையாளரும் நிம்மதியாகப் பார்த்து நான் கண்டதில்லை. "பாய், ரெண்டு மாதிரியும் போடறேன். நீங்க கீழ நின்னு பேசுங்க. எது வேணும்னு பொண்ணே சொல்லட்டும்" என்றேன்.

வினோத்தின் கேமராவை நான் தொடவில்லை. அவன் ஆல்பத்துக்கும் வீடியோவுக்கும் அவன் 4கே அப்படியே ஓடட்டும். கடையிலிருந்து என் பழைய கேமராவை வரவழைத்து, ஹஜரத்தும் பாயும் மாப்பிள்ளையும் உட்காரப் போகிற இடத்துக்கு நேர் எதிரே ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஃபுல் ஹெச்டி, விநாடிக்கு ஐம்பது படம். மேடை வேண்டாம், பூ வேண்டாம், முகம் மட்டும். அந்தத் தூரத்துக்கு வெறும் ஹெச்டிஎம்ஐ வயரை நம்ப முடியாது. இழுக்க இழுக்கப் படம் மினுங்கும், பிறகு செத்துப்போகும். அதனால் தடித்த வீடியோ கேபிளை ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, ஜெனரேட்டர் பக்கத்துச் சுவரோடு ஏற்றி, மாடி ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தேன். உள்ளே குழந்தைகள் காலில் தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பெரிய டிவியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அதைவிடச் சின்னதை அவள் உட்காரப் போகிற நாற்காலிக்கு எதிரே, கண் மட்டத்துக்கு வைத்தேன். டிவியின் இட்டுக்கட்டும் வேலையை மெனுவில் போய் நிறுத்தினேன்.

படம் வந்தது. பாயின் தாடி முடியை இப்போது பிரித்துப் பார்க்க முடியாது. நிலோபரும் பெரியம்மாவும் மாடியில் இருக்க, நான் கீழே இறங்கிவந்து பாயைப் பேசச் சொன்னேன். பாய் கூச்சத்தோடு என்ன பேசுவது என்று விழித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் படத்துக்குள்ளேயே நின்ற வினோத், கேமரா ஓடுவதைக் கவனிக்காமல் தன் உதவியாளிடம் முணுமுணுத்தான். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

என் போன் அதிர்ந்தது. நிலோபரிடமிருந்து செய்தி. "வினோத் அண்ணன் உங்களை 'பெருசு படுத்துது'ன்னு சொல்றார்."

போனை வினோத்திடம் காட்டினேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கேமரா பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டான். "சாரிக்கா" என்றான். "பரவால்ல, இதையே போடுங்க" என்று உடனே அடுத்த செய்தி வந்தது. பாய் போனை வாங்கித் தானே படித்தார். அதற்குப் பிறகு அவர் 4கே பற்றி வாயே திறக்கவில்லை.

நான் அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பெண்கள் வர ஆரம்பித்ததும் மாடிக்கு நாங்கள் போக முடியாது. இந்த மாதிரி வேலையில் அதை நினைவில் வையுங்கள். ரிமோட்டைப் பெரியம்மா கையில் கொடுத்து, எதையும் அழுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். மாடிக்குப் போகிற அதே படம் என் மடியிலிருந்த சின்னத் திரையிலும் ஓடியது. அதை வைத்துத்தான் மேலே அவள் என்ன பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

கீழ்க்கூடம் நிரம்பி வழிந்தது. கடல் காற்று ஜன்னல் திரையைத் தூக்கித் தூக்கி அடித்தது. பின்பக்கம் பிரியாணி தம்மில் இருந்தது. மாப்பிள்ளை ரியாஸ், மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் வேலை பார்க்கிற பையன், தலைப்பாகையோடு நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவ்வப்போது என் கேமராவைப் பார்த்து மெதுவாக வாயசைத்தான். மேலே என்ன பதில் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. அந்த நேரம் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டேன். முகத்தை அருகில் காட்டுகிற கேமராவை வைத்திருப்பவருக்கு அந்த நாகரிகமும் வேண்டும்.

ஹஜரத் வந்தார். வயதானவர், கணீரென்ற குரல். நிக்காஹ் உரையான குத்பாவை ஓதினார். பிறகு இப்ராஹிம் பாய் பக்கம் திரும்பி, சொல்லுங்கள் என்று சைகை காட்டி, கையிலிருந்த மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினார்.

என் திரையில் பாயின் மூக்குக்குக் கீழே கறுப்பாக ஒரு பஞ்சு உருண்டை வந்து நின்றது. உதடு இருந்த இடமே தெரியவில்லை.

மைக் செட்காரரும் டிவிக்காரரும் ஒரே கூடத்தில் நாள் பூராவும் நின்றாலும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாத தொழில் நம்முடையது. அவர் வேலை சத்தம், என் வேலை படம். அவர் மைக் எங்கே வைக்கிறார் என்று நான் கேட்டதே இல்லை, என் கேமரா எங்கே நிற்கிறது என்று அவரும் கேட்டதில்லை. மற்ற கல்யாணங்களில் அதனால் ஒரு குறையும் வந்ததில்லை. படமும் வயரும் பார்த்துப் பார்த்துச் செய்து, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போயிற்று. பாய் குரல் நடுங்க ஸ்பீக்கரில் நல்ல சத்தமாகச் சொல்லி முடித்தார். கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. மாடியில் எல்லோருக்கும் கேட்டிருக்கும், ஒருத்தியைத் தவிர.

போன் அதிர்ந்தது. "அத்தா வாய் தெரியல."

ஹஜரத் இப்போது மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். நான் கையைத் தூக்கி, மைக்கைக் கீழே இறக்குங்கள் என்று சைகை செய்தேன். அவர் என்னைப் பார்த்தார். சத்தம் போதவில்லை என்று சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தலையாட்டிவிட்டு, மைக்கை மாப்பிள்ளையின் உதட்டோடு ஒட்டியே வைத்துவிட்டார்.

இப்போது உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேர் தலையில் தொப்பியோடு அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் மார்க்கத்தின் முக்கியமான ஒரு நிமிடம் அது. நான் வெளியாள், கூலிக்கு டிவி வைக்க வந்தவன். பேசாமல் இருந்தால் என்னை யாரும் ஒரு குற்றமும் சொல்லப் போவதில்லை. டிவி ஓடியது, படம் தெளிவாக இருந்தது, வேலை முடிந்தது. ஆனால் மாப்பிள்ளை வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அதோடு போச்சு. நாளைக்கு வினோத்தின் 4கே வீடியோவில் ஆயிரம் தடவை போட்டுப் பார்த்தாலும் அங்கேயும் அதே மைக்தான் தெரியும். அதுவும் முடிந்துபோன கல்யாணத்தைப் பார்ப்பதுதான். அவள் கேட்டது அது இல்லை.

எழுந்து நின்றேன். "ஹஜரத், ஒரு நிமிஷம் நிறுத்துங்க."

கூடம் முழுக்கத் தலைகள் திரும்பின. "யாருய்யா இவன்?" "ஒக்காரு, ஒக்காரு" என்று நாலு பக்கமும் குரல் கிளம்பியது. பின்வரிசையிலிருந்து ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஹஜரத் கையைத் தூக்கினார். சத்தம் அடங்கியது.

"இன்னாப்பா?"

"மைக் வாயை மறைக்குது ஹஜரத். பொண்ணு மேல டிவில உதட்டப் பாத்துதான் புரிஞ்சிக்கும். அத்தா சொன்னது அதுக்குத் தெரியல."

அவர் இப்ராஹிம் பாயைப் பார்த்தார். பாய் தலையைக் குனிந்துகொண்டார். ஹஜரத் மைக்கைத் தரைவிரிப்பில் வைத்து, அதை அணைத்தும் விட்டார்.

"இப்ராஹிம் பாய், திரும்பச் சொல்லுங்க. அந்த கேமராவப் பாத்துச் சொல்லுங்க."

"பின்னால கேக்காது ஹஜரத்" என்று யாரோ குரல் கொடுத்தார்.

"உனக்கு எதுக்குய்யா கேக்கணும்? உனக்கா நிக்காஹ்? சாட்சிங்க ரெண்டு பேரும் கிட்ட வந்து ஒக்காருங்க."

பாய் நிமிர்ந்தார். என் திரையில் அவர் முகம் முழுதாக வந்தது. உதடு அசைந்தது. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, என் மகள் நிலோபரை என்று தொடங்கிக் கடைசி வரைக்கும் சொன்னார். எனக்கே படிக்கத் தெரிந்தது, அவ்வளவு தெளிவு. ஆனால் சத்தம் துளிகூட இல்லை. வீட்டில் மகளோடு பேசிப் பேசி அவருக்கு அப்படியே பழகிவிட்டது. அவளிடம் பேசும்போது குரலே வராது, உதடு மட்டும்தான் பேசும்.

ஹஜரத் அவர் முழங்காலைத் தொட்டார். "பாய், பொண்ணுக்குச் சொல்லிட்டீங்க. இப்ப சாட்சிக்காக கொஞ்சம் சத்தமா."

கூடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் திரையைப் பார்த்தேன். பாய் மூன்றாவது முறையாகச் சொன்னார். இந்த முறை குரலும் வந்தது, ஆனால் உடைந்து வந்தது.

மாப்பிள்ளை ரியாஸ் ஹஜரத் சொல்வதற்குக் காத்திருக்கவில்லை. தலைப்பாகையிலிருந்து முகத்துக்கு முன்னால் தொங்கிய பூச்சரத்தை ஒதுக்கிவிட்டு, கேமராவுக்கு நேராகத் திரும்பினான். ஒப்புக்கொண்டேன் என்று சொன்னான். உதடு ஒட்டியது, பிரிந்தது. ஐம்பது படத்தில் ஒன்றுகூட விழவில்லை. அவன் குரல் பக்கத்திலிருந்த சாட்சிகளைத் தாண்டிப் போகவில்லை. நான் நின்ற இடத்துக்கே கேட்கவில்லை.

"இன்னா சொன்னான்?" "சொல்லிட்டானா?" என்று வரிசை வரிசையாக ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். மாடியிலும் ஸ்பீக்கர் ஊமையாகிப் போனதில் பெண்கள் மத்தியில் அதே சலசலப்பு படிக்கட்டு வழியாகக் கேட்டது. அதற்கு நடுவே, எல்லாச் சத்தத்துக்கும் மேலே, தடித்த ஒரு குரல் தன் உயரம் தனக்குத் தெரியாமல் மாடியிலிருந்து இறங்கி வந்தது.

"ஒப்புக்கொண்டேன்னு சொல்லிட்டாரு! எங்க அத்தா குடுத்துட்டாரு, அவரு ஒப்புக்கொண்டேன்னு சொல்லிட்டாரு!"

இப்ராஹிம் பாய் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஹஜரத் சாட்சிகளிடம் திரும்பினார்.

"உங்க ரெண்டு பேருக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு ஹஜரத்."

அவர் மாடிப் பக்கம் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, துஆ கேட்டுப் பிரார்த்திக்கக் கைகளை உயர்த்தினார்.

"பொண்ணுக்கும் கேட்டுச்சு" என்றார்.